டபுள் அடித்த தாள்

அந்த மெஷின்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மழை பிடித்ததிலிருந்து அச்சகத்தில் எல்லோரும் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெஷின் ஓட்டுகிற பையனுக்குத் தாளில் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் நிழல்போல இன்னொன்று. ஆஃப்செட் அச்சில் இப்படி ஆவதுண்டு. மையை வாங்கித் தாளில் ஒற்றுகிற ரப்பர் உருளையின்மேல் தொய்ந்துபோனால் எழுத்து மயிரிழை தள்ளி இன்னொரு முறை விழும். 'டபுள் அடிக்குது' என்பார்கள். பையன் அதைத்தான் சொன்னான். மெஷினை நிறுத்தி ரப்பரை இழுத்துக் கட்டினான். டபுள். பழைய ரப்பரைக் கழற்றிப் புதிது போட்டான். டபுள். மழை ஈரத்தில் தாள் நெளிந்திருக்கும் என்று வேறு தாள்கட்டு வைத்தான், மையை மாற்றினான், உருளையின் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். டபுள்.

வேறு தொழில் செய்கிறவனுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் கண்ணைச் சந்தேகப்படுவான். அச்சுக்காரன்தான் ரப்பரைச் சந்தேகப்படுவான்.

அவன் அக்கா அதே அச்சகத்தில் பைண்டிங்காரி. மெஷின் அறையை ஒட்டிய நீள அறையில் பெரிய மேசை. அவன் அடித்து அனுப்புகிற தாள்களை அவள் மடித்து, மரக்கட்டையால் தேய்த்து, பக்கம் சேர்த்து, முதுகில் பசை தடவுவாள். தாளின் ஓரம் கீறிக் கீறி விரல் நுனியெல்லாம் கோடு. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த மேசைதான்.

"சுத்தமாத்தானேடா இருக்கு? எங்க டபுளு?" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"உனக்குத் தெரியாதுக்கா. மடிக்கிறவங்களுக்கு மடிப்புதான் தெரியும்," என்றான் அவன், விரல் முட்டியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே. அவனுக்கு எப்போதும் கண் அரிக்கும். தாள் தூசி ஒரு பக்கம், உருளை கழுவுகிற எண்ணெயின் ஆவி ஒரு பக்கம். கசக்கினால் சுகமாக இருக்கும். சின்ன வயசிலிருந்து கசக்கினான்.

அவனுக்கு 'டபுள்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"டேய் டபுள், இந்த டீ கிளாஸ் ஒண்ணா ரெண்டா?" என்று கட்டிங் மெஷின்காரர் கேட்பார். "ரெண்டுன்னா ஒண்ண இந்தப் பக்கம் தள்ளு."

அவனும் சிரிப்பான். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

அந்த அச்சகத்துக்கு போர்மேன் அக்கா தம்பி இருவருக்கும் தாய்மாமா. முதலாளி செத்தபிறகு முதலாளியின் மகன் மெஷின் அறைப்பக்கம் வருவதே இல்லை. மாமா வைத்ததுதான் சட்டம். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். முதல் தாளைப் பார்த்து அவர் அந்தப் பென்சிலால் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். இன்னொரு சட்டமும் உண்டு. தப்புப் பண்ணின கைதான் திருத்த வேண்டும். அக்கா ஒரு பக்கத்தைச் சேர்க்க விட்டுவிட்டால், பென்சிலை நீட்டுவார். எல்லோரும் பார்க்கத் தாளின் தலையில் 'பக்கம் விட்டது நான்' என்று அவள் எழுத வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. "அப்பத்தான் உறைக்கும்" என்பார்.

கை கழுவுகிற தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சோப்பு உறை. ஒரு பெண் முகம், வரிசை வரிசையாக அதே முகம். ஒவ்வொரு முகத்துக்கும் இமை இரட்டை, உதடு இரட்டை. அசலான டபுள். சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம் போட்டு, கீழே மாமா கையால் எழுதியிருந்தது: 'குடித்துவிட்டு ஓட்டினால் இப்படித்தான்.'

அதை ஓட்டியவர் அவர்களுடைய அப்பா. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தாளோடு அவர் வேலை போயிற்று. அன்றிலிருந்து அவர் வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் இத்தனை வருஷமாக அந்த எழுத்துக்குக் கீழேதான் பசைக் கையைக் கழுவினாள். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தருக்கும் யாராவது அதைக் காட்டி, பிறகு அவளையும் காட்டுவார்கள்.

பள்ளிப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பகலில் பையன் மறுபடி மெஷினை நிறுத்தினான். மாமா வந்தார். தாளை விளக்கடியில் விரித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"எங்கடா டபுளு?"

"இங்க மாமா. இந்த எழுத்துக்குக் கீழ வால் மாதிரி ஒண்ணு தொங்குது பாருங்க."

மாமா தாளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். "வாய ஊது."

"என்ன மாமா?"

"ஊதுடா. உங்கப்பன் நின்னப்பவும் இதே கதைதான். ரப்பரு, பேரிங்கு, தாளு, எல்லாத்துக்கும் மேல பழி. ஊது."

மெஷின் அறையில் எல்லோரும் பார்க்க, இருபத்திநாலு வயசுப் பிள்ளை வாயை ஊதினான். பக்கத்து அறை வாசலில் பசைப் பிரஷ்ஷோடு அவள் நின்றாள்.

"வாடை வரல," என்றார் மாமா. "மிட்டாய் எதாச்சும் போட்டு மறைச்சிருப்ப. நாளையிலேர்ந்து நீ மெஷின்ல ஏறாத. கட்டுத் தூக்கு."

"மாமா, அவனுக்குக் கண்ணுலதான் ஏதோ," என்றாள் அவள்.

"கண்ணுல ஏதோன்னா கண்ணாடிக் கடைக்காரன் சொல்ல மாட்டானா? போ, பசை காயுது."

கண்ணாடிக் கடைக்காரன்! அவனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பையன் போகும்போதெல்லாம் முகவாயைப் பவர் பார்க்கிற மெஷினில் வைக்கச் சொல்வான், அசையாமல் பாருங்கள், இமைக்காமல் பாருங்கள் என்பான், பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிது மாட்டுவான். "பவர் கூடியிருக்கு தம்பி. செல்போன் பாக்கறத நிறுத்துங்க." ஆறு மாசத்தில் மறுபடி. மறுபடி கூடியிருக்கும். ஒருத்தன் கண் ஏன் இப்படிச் சரிந்துகொண்டே போகிறது என்று ஒரு தடவையாவது அவனுக்குத் தோன்றியதா? தோன்றினால் கண்ணாடி விற்குமா?

மறுநாள் அவள் பசைச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண் பிரிவில் நீள நீளமாகப் பெஞ்சு. மழையில் நனைந்த செருப்புகளின் வாடை. ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள் இன்னொரு கண்ணால் தங்கள் முறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு இயந்திரத்தில் அவன் முகத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். திரையில் அவன் கண் ஒரு வண்ணப் படமாக விழுந்தது. சுற்றிலும் பச்சை, கீழ்ப்பக்கம் திட்டாகச் சிவப்பு.

டாக்டரம்மா களைத்த ஆள். பேச்சில் வீண் வார்த்தை இல்லை. எழுத்துப் பலகையைக் காட்டினார். பையன் மூன்றாவது வரியோடு நின்றான். பிறகு அவர் கறுப்புத் தகடு ஒன்றை அவன் கண்முன் வைத்தார். அதில் ஊசி முனை அளவு ஓட்டைகள்.

"இப்பப் படி."

பையன் படித்தான். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் கடகடவென்று படித்தான். "எப்படிங்க இது? வால் போயிடுச்சு!"

அந்தத் தகட்டை அக்கா இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அந்த வித்தையைத் தினமும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கருவிழிக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அது பந்து மாதிரி வளைவா இருக்கணும். உனக்கு அது மெலிஞ்சுபோய்க் கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிட்டு வருது. அதான் ஒண்ணு நாலாத் தெரியுது. சின்ன ஓட்டை வழியாப் பாத்தா கொஞ்சம் வெளிச்சம்தான் நேரா உள்ள போகும், அதனால சரியாத் தெரியும். கண்ணக் கசக்குவியா?"

"எப்பவாச்சும்."

"பொய் சொல்றான் டாக்டர். எப்பவும்," என்றாள் அக்கா.

"இனிமே கை கண்ணுகிட்டப் போகக்கூடாது. கசக்கக் கசக்க அது இன்னும் மெலியும். கண்ணாடியால இது சரியாகாது. மேல் தோலச் சுரண்டிட்டு மருந்துத் துளி விட்டு ஒரு நீல வெளிச்சம் காட்டுவோம். அது அந்த மூடிய இறுக்கும். பார்வையக் கூட்டுமான்னு கேக்காத. இதோட நிறுத்தி வைக்கும், அதுதான் முக்கியம். அப்புறம் கெட்டி லென்ஸ் போட்டா தாள் ஒண்ணாத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம்."

"வந்திருப்போம். மெஷினக் கழட்டிட்டு இருந்தோம்," என்றான் பையன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"எங்கப்பா," என்றாள் அவள். "விரல மடக்கி ஓட்டை பண்ணி அது வழியாத்தான் பேப்பர் படிப்பாரு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அவரக் கூட்டிட்டு வாங்க."

தெருவில் அப்பாவுக்கு 'டெலஸ்கோப்' என்று பேர். ஆள்காட்டி விரலைச் சுருட்டி, நடுவில் அரிசி நுழைகிற அளவு துவாரம் விட்டு, அதைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார். பேப்பர், கடிகாரம், வாசலில் நிற்பது யார் என்று எல்லாம் அப்படித்தான். பிள்ளைகள் எதிரே நின்று அதேபோல விரலைச் சுருட்டிக் காட்டிவிட்டு ஓடும். குடித்துக் குடித்து மூளை கலங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பையன் ஒரு கழிவுத் தாளின் பின்பக்கம் மெல்லிய கூட்டல் குறி ஒன்று போட்டான். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்க அச்சுக்காரர்கள் தாள் ஓரத்தில் வைக்கிற குறி அது. அப்பாவின் எதிரே பிடித்தான். அப்பா விரலைத் தூக்கினார்.

"விரல் வேணாம்பா. சும்மாப் பாருங்க. எத்தனை இருக்கு?"

அப்பா இடுக்கிப் பார்த்தார். "உனக்கு எத்தனை?"

"எனக்கு அஞ்சு."

"எனக்கு ஏழு. ஓரத்துல ஒண்ணு மங்கலா இருக்கு, அதையும் சேத்தா எட்டு."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னடா விளையாட்டு? ஒண்ணுதானே போட்டிருக்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், அவளைப் பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல.

"ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க."

"எப்பவுமே உனக்கு ஒண்ணுதானா? நிலா?"

"நிலா எத்தனை இருக்கும்? என்ன கேள்வி இது?"

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சிருந்தேன்," என்றார். "நிறைய இருக்கும், அதுல நடுவுல இருக்கறத எடுத்துக்கணும், கெட்டிக்காரனுக்கு அது சட்டுனு கிடைக்கும், நமக்குக் கொஞ்சம் லேட்டாகுதுன்னு நெனச்சேன். இவன் சின்னப் புள்ளையா இருக்கறப்ப வந்து கேட்டான், தெரு விளக்கு கொத்துக் கொத்தா இருக்கேப்பான்னு. விளக்குன்னா அப்படித்தான்டான்னு சொன்னேன்."

"நீங்க சொன்னதுனாலதான் நான் யாருகிட்டயும் கேக்கல," என்றான் பையன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்கு எப்போதும் கோபம்தான் வரும். "வாய் இல்லையா உங்களுக்கு? கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? ஊரெல்லாம் குடிகாரன் பொண்டாட்டின்னு என்னைச் சொன்னானுங்களே!"

"யாருகிட்ட என்னன்னு சொல்றது? நீங்கல்லாம் ஒண்ணத்தான் பாக்கறீங்கன்னு எனக்கு யாரு சொன்னா?" அப்பாவின் குரல் ஏறியது. அந்த வீட்டில் அது ஏறி வெகுகாலம் ஆயிற்று. "அன்னிக்கு நான் குடிச்சிருக்கல. குடிச்சேன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் குடிச்சேன். சொன்னத வீணாக்குவானேன்னு."

அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் பார்த்தார்கள். வலது கண்ணில் அந்த மூடி தழும்பு விழுந்து வெளுத்திருந்தது. மருந்தும் வெளிச்சமும் அதற்கு இனி உதவாது, செத்துப்போனவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்த மூடியைத் தைத்து வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. "பின்னாடி நரம்பு நல்லா இருக்கு. ஜன்னல்தான் கெட்டுப்போச்சு. மாத்தினா பாப்பாரு. ஒரே நாள்ல இல்ல. தையல் ஒண்ணொண்ணாப் பிரிக்கணும், மாசக்கணக்காகும்."

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். அவருக்கு எப்படியோ எல்லாம் தெரிந்திருந்தது. அம்மா டீயும் ரொட்டியும் வைத்தாள்.

"பையனுக்குப் பண்ணுங்க. சின்ன வயசு, நான் வேணாம்னு சொல்லல," என்றார் மாமா ரொட்டியை டீயில் தோய்த்தபடி. "மாப்பிள்ளைக்கு எதுக்கு? அறுபதுக்குப் பக்கத்துல ஆச்சு. இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கறதில்ல. இனிமே பாத்து என்ன பண்ணப் போறாரு?"

அப்பா எதிரேதான் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாத மாதிரி பேசிக்கொண்டிருந்தார் மாமா.

"அண்ணன் சொல்றதும்..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அண்ணன் சொல்றது என்ன?" என்றாள் மகள். "மாமா, உங்களுக்கு இவரவிட வயசு கூட. போன மாசம் நீங்க பல்லுக் கட்டிக்கிட்டீங்க. இனிமே கடிச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

மாமா ரொட்டியை வைத்தார். "உன் பொண்ணு பேசற பேச்சப் பாத்தியா? இவளுக்கும் இவனுக்கும் வேலை வாங்கிக் குடுத்த வாய் இது."

"அவன வாய ஊதச் சொன்ன வாயும் அதுதான்."

மாமா எழுந்து போய்விட்டார். பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். "அவரு சொல்றதும் சரிதான். நான் பழகிட்டேன். செத்தவன் கண்ண எனக்கு வச்சு வீணாக்க வேணாம். வேற யாராச்சும் சின்னப் புள்ளைக்கு வைக்கட்டும்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மனுஷனை இருபது வருஷம் நாற்காலியில் உட்காரவைத்து, கடைசியில் நாற்காலிதான் எனக்குச் சரி என்று அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார்கள். கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். வேறொன்று வந்தது.

"உங்க தாள் இன்னும் சுவத்துல இருக்குப்பா."

"தெரியும். ஒட்டினதாச் சொன்னாங்க."

"அதுக்குக் கீழ எழுத்து இருக்கு."

அப்பா தலையைத் தூக்கினார். இது அவருக்கு யாரும் சொல்லாதது. அவளும் சொன்னதில்லை. "என்ன எழுத்து?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து படிங்க."

பையனுக்கு ஒரு கண் முடித்து, ஆறவிட்டு, இன்னொரு கண். மஞ்சள் துளி விட்டுவிட்டு நீல வெளிச்சத்தை வெறித்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்போது வலியில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் கண்ணில் மணல் லாரியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஜன்னலில் போர்வை கட்டி இருட்டில் படுத்துக்கிடந்தான். தூக்கத்தில் கை கண்ணுக்குப் போனால் அம்மா தட்டிவிட்டாள். பிறகு கெட்டி லென்ஸ் வந்தது. அதைப் போட்டுப் பழகி அச்சகத்துக்குப் போய், மெஷினிலிருந்து ஒரு தாளை உருவிப் பார்த்துவிட்டு, பைண்டிங் அறைக்கு ஓடிவந்தான்.

"அக்கா, இவ்வளவு சுத்தமாவா அடிச்சிருக்கேன் நான்?"

"அதத்தான்டா நான் அன்னிக்கே சொன்னேன். மடிக்கிறவளுக்கு என்ன தெரியும்னு கேட்ட."

மறுபடி அவனை மெஷினில் ஏற்றினார் மாமா. ஏற்றாமல் முடியாது, அவன் இடத்தில் நின்றவன் தாளைக் கவ்வி இழுக்கிற கிரிப்பரை உடைத்து வைத்திருந்தான். வாயை ஊதச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மத்தியானம். ஒரு கண் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். யாரோ செத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு வீட்டில் யாரோ ஒருவர் சரி என்று தலையாட்டியிருந்தார். அது யார் என்று இவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொந்த உறவே 'இனிமே பாத்து என்ன' என்று கேட்ட மனுஷனுக்கு, பேர் தெரியாத ஒரு வீடு கண்ணைக் கொடுத்தது. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடும் முன்பே வாசலில் போய் நின்றார்.

தைத்தார்கள். மயிரைவிட மெல்லிய நூல், கண்ணைச் சுற்றி நட்சத்திரம்போலத் தையல். முதலில் எல்லாம் பாலாடை படிந்ததுபோல இருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள். வீட்டில் எல்லோரும் படுத்தபிறகும் எழுந்து விட்டாள். "அசையாதீங்க. இந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு விடறதுக்குள்ள ஒரு புட்டி போயிடும்." மாசத்துக்கு ஒரு தையல் பிரித்தார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்து, மறுபடி மேகம் கூடியபோது டாக்டரம்மா ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் அடுப்படி வாசலில் நின்றார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"பாக்கறதுக்குத்தான் ஆளில்லையே, யாருக்காகச் சாயம் அடிக்கறது?" என்றாள் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தாள், நசுங்குகிற மாதிரி.

மறுநாள் காலை, பைண்டிங்காரி கிளம்பும்போது அப்பாவும் கிளம்பினார். வழியில் கடைப் பலகைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தார்.

மெஷின் அறையில் அதே மை வாடை, அதே தடதடப்பு. கட்டிங் மெஷின்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை," என்று மாமா மேசையிலிருந்து எழுந்தார். "கண்ணு எப்படி இருக்கு?"

அப்பா நேராகத் தொட்டிக்கு எதிரே போய் நின்றார். பழக்கத்தில் வலது கை எழுந்தது, ஆள்காட்டி விரல் சுருண்டது. பாதி வழியில் நின்று கீழே இறங்கியது. அந்தப் பெண் முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒரு அச்சுக்காரன் தாளைப் பார்க்கிற மாதிரி, மூலையிலிருந்து மூலைக்கு.

"டபுள்தான்," என்றார். "மோசமா அடிச்சிருக்கு. ஒருத்தி விடாம எல்லாருக்கும் ரெண்டு வாய்."

மாமாவின் தோள் இறங்கியது. "அன்னிக்கே சொன்னேன்ல மாப்பிள்ளை? நீங்கதான் ஒத்துக்கல."

"இப்ப ஒத்துக்கறேன். தாள் என் தப்பு."

மகளுக்கு இதற்கா கூட்டிவந்தோம் என்றிருந்தது.

அப்பாவின் பார்வை கீழே இறங்கியது. வாய்விட்டுப் படித்தார், ஒவ்வொரு சொல்லாக. "குடித்துவிட்டு. ஓட்டினால். இப்படித்தான்."

பையன் மெஷினை நிறுத்தினான். அந்தச் சத்தம் நின்றதும் கூரையில் மழை விழுவது கேட்டது.

"இது யார் கையெழுத்து?"

"முதலாளி எழுதச் சொன்னாரு," என்றார் மாமா.

"யார் கைன்னு கேட்டேன்."

"...என் கைதான்."

"அன்னிக்கு எங்கிட்ட வாடை வந்துச்சா மச்சான்?"

"உருளை கழுவுற எண்ணெய் வாடையோ என்னவோ. இத்தனை வருஷத்துக்கப்புறம் எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு இருக்கு. முதல் தாளக் கொண்டாந்து உங்ககிட்டக் குடுத்தேன். நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க. பாக்காமலே கையெழுத்துப் போட்டீங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையெழுத்து இல்லாமல் அங்கே மெஷின் ஓடாது. அந்தத் தாளுக்கும் ஒரு முதல் தாள் இருந்திருக்கும், அதில் சிவப்புப் பென்சில் ஏறியிருக்கும். இத்தனை வருஷம் அதற்குக் கீழே கை கழுவினவளுக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. குடிகாரன் என்று ஒரு சொல் விழுந்தபிறகு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் கண்ணைத் திருப்பவில்லை. "யாராச்சும் ஒருத்தர் வேலைதான் மிஞ்சும்னு இருந்துச்சு மாப்பிள்ளை. எனக்கும் புள்ளைங்க இருந்துச்சு."

"எனக்கும் இருந்துச்சு. அதோ நிக்குது ரெண்டும்."

அப்பா கையை நீட்டி மாமாவின் காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். அவரிடமே நீட்டினார்.

"தப்புப் பண்ணின கைதான் திருத்தணும். உன் சட்டம்தானே? தாள நான் ஒத்துக்கிட்டேன். எழுத்த நீ திருத்து."

இத்தனை வருஷத்தில் அவர் மச்சானை 'நீ' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

மாமா பென்சிலை வாங்கினார். சட்டைப் பையைத் தடவினார், இன்னொரு பையையும் தடவினார். "கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை. கிட்டத்துல எழுத்துத் தெரியாது. நாளைக்குப் பாத்துக்கலாமே."

கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது, ரசீதுக் கட்டின்மேல், எல்லோரும் பார்க்க. மகள் அதை எடுக்க ஓர் அடி வைத்தாள். அப்பா வேண்டாம் என்று கையமர்த்தினார். மாமாவின் இடது கையைப் பிடித்தார். ஆள்காட்டி விரலைச் சுருட்டினார், நடுவில் அரிசி நுழைகிற அளவு துவாரம் வரும்வரை அழுத்தினார். அந்தக் கையைத் தூக்கி மாமாவின் கண்ணோடு ஒட்டிவைத்தார்.

"இதுல பாரு மச்சான். நல்லாத் தெரியும். நான் இதுலதான் பாத்தேன்."

கட்டிங் மெஷின்காரர்கூடச் சிரிக்கவில்லை. மாமா ஒரு கையில் விரல் ஓட்டையும் ஒரு கையில் பென்சிலுமாகச் சுவரை நெருங்கினார்.

"எந்தச் சொல்ல அடிக்கணும்?" என்றார், திரும்பாமல்.

"படிச்சுப் பாரு," என்றார் அப்பா. "சத்தமாப் படி."